இரண்டு பக்கமும் சரி, மொத்தத்தில் ஒன்று குறைவு

வருகிற ஜூனில் உங்களில் ஒருவர் அந்த மேசையில் உட்காரப் போகிறார். எந்த மேசை என்று சொல்ல வேண்டியதில்லை. மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடத்தில், இரண்டு துறைக்கும் நடுவில் கிடக்கிறதே, அதுதான். வணிக மேலாண்மையும் கணினி அறிவியலும் சேர்ந்த கூட்டுப் பட்டத்துக்கு ஒருங்கிணைப்பாளர் என்று அதன்மேல் ஒரு பலகை இருக்கும். ஒன்பது வருஷம் நான் அதன் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு, "மேடம், உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க, புதுசா வர்றவங்களுக்கு ஒதவும்" என்று கேட்டார்கள். பேனாவை எடுத்தால் பெருமையடித்துக்கொள்ளும் விஷயமாகவே வந்து விழுந்தது. நாலு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நான் சரியாகச் செய்ததையெல்லாம் நீங்களும் தானாகவே சரியாகச் செய்வீர்கள், அதற்கு நான் எதற்கு? தப்பாகச் செய்த ஒன்றைச் சொல்கிறேன்.

நான் கணித ஆசிரியை. இரண்டு துறைக்கும் சொந்தமில்லாத ஆள் என்பதால்தான் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். கீழ்த்தளத்தில் வணிகத் துறைத் தலைவி. மேல்தளத்தில் கணினித் துறைத் தலைவர். இருவருக்கும் ஆகாது. பெரிய காரணம் ஒன்றுமில்லை. ஒரு புரொஜெக்டரை யார் அறையில் வைப்பது என்று ஆரம்பித்தது. அப்புறம் ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதம் மூலமாக மட்டுமே பேசிக்கொண்டார்கள். அந்தக் கடிதங்களைத் தூக்கிக்கொண்டு படியேறி இறங்கியதில் என் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம்.

பட்டத்தின் விதிகள் உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், கதைக்குத் தேவை. வணிகத்தில் பதினான்கு தாள், கணினியில் பதினான்கு தாள், மொழிப் பாடங்களும் மற்றவையும் எட்டு. ஆக முப்பத்தாறு. பிளஸ் டூவில் கணக்குப் படிக்காதவர்களுக்குக் கூடுதலாக பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒன்று. அது அடிப்படைக் கணிதம். முடித்தே ஆக வேண்டும், ஆனால் அந்த முப்பத்தாறில் சேராது. அதை எடுத்தது நான்தான்.

சேர்க்கை நாளில் பெற்றோருக்கு இதை விளங்க வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிடும். ஒருமுறை கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு முந்திரித் தோப்புக்காரர், "ரெண்டு டிகிரியா மேடம்?" என்று ஆசையாகக் கேட்டார். "இல்லைங்க, ஒரு டிகிரிதான். ரெண்டு பாதி" என்றேன். "ரெண்டு பாதிக்கும் முழுசா படிக்கணுமாக்கும்?" என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

அந்த இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு தாள் கிடந்தது. மேலாண்மைத் தகவல் முறைமை. எல்லோரும் எம்.ஐ.எஸ். என்போம். ஒரே வகுப்பு, ஒரே ஆசிரியர். ஆனால் வணிகப் பட்டியலிலும் இருந்தது, கணினிப் பட்டியலில் விருப்பப் பாடமாகவும் இருந்தது. "ஒரு தாளை ஒரு பக்கம் மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்" என்று ஒழுங்குமுறைப் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. புத்தகம் என் மேசையில்தான் இருந்தது. அதன்மேல் டீ டம்ளர் வைப்பது என் வழக்கம்.

இனி அடைக்கலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறந்தாங்கிக்காரர். பிளஸ் டூ முடித்ததும் வளைகுடாவுக்குப் போய், ஒரு பெரிய கம்பெனியின் கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையில் சேர்ந்து, பிறகு ஸ்டோர் கீப்பராகி, சரக்குக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் அளவுக்கு வந்தவர். அங்கிருந்த மேனேஜர், "ஒரு டிகிரி மட்டும் கையில இருந்தா ஒன்ன சூப்பர்வைசர் ஆக்கிருவேன்" என்றாராம். யாரும் இதையெல்லாம் நம்பி வேலையை விட்டுவிட்டு வர மாட்டார்கள். இவர் வந்தார். இருபத்தைந்து வயதில், கல்யாணமும் ஆகி, பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு முதல் வரிசையில் உட்கார்ந்தார். வகுப்பில் எல்லோரையும் 'நீ' என்பேன். இவரை அப்படிக் கூப்பிட எனக்கு வாயே வரவில்லை.

படிப்பில் கெட்டிக்காரர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கேள்வி கேட்பார். புரியாததைப் புரிந்த மாதிரி தலையாட்டத் தெரியாதவர். கிடங்கில் எண்ணாமல் எதையும் வாங்கிப் பழக்கமில்லை போலிருக்கிறது.

ஐந்தாம் செமஸ்டர் ஆரம்பத்தில் என்னிடம் வந்தார். பிரிட்ஜ் கோர்ஸ் இன்னும் பாக்கி. அதுவும் கணினி விருப்பப் பாடமும் ஒரே நேரத்தில் வந்தன. "எத எடுக்குறதுங்க மேடம்?" என்றார். நான் அவருடைய இரண்டு தாள் பட்டியலையும் எடுத்துப் பார்த்தேன். வணிகப் பக்கத்தில் எம்.ஐ.எஸ். இருந்தது, கீழே துறைத் தலைவியின் கையெழுத்து. கணினிப் பக்கத்திலும் எம்.ஐ.எஸ். இருந்தது, கீழே துறைத் தலைவரின் கையெழுத்து. ஒருவரையொருவர் கேட்கவில்லை, அதுதான் அவர்கள் வழக்கம்.

"கம்ப்யூட்டர்ல ஒங்களுக்கு எம்.ஐ.எஸ். வந்துருச்சு. இந்த எலெக்டிவ் வேண்டாம். பிரிட்ஜ் கோர்ஸுக்கு வந்துருங்க" என்றேன். என் பாடத்துக்கு ஆள் சேர்க்கும் ஆசையும் அதில் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

அவர் போகவில்லை. நின்றார். "அது ரெண்டு பக்கமும் கணக்காகுங்களா மேடம்?"

கேட்டாரே, இந்தக் கேள்வி இன்னும் என்னை விடவில்லை. அவருக்கு நான் சொன்ன பதிலையும் மறைக்காமல் எழுதுகிறேன். "ரெண்டு ஹெச்.ஓ.டி.யும் கையெழுத்துப் போட்டிருக்காங்கல்ல? அப்பறம் என்ன?" என்றேன். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன். அவர் "சரிங்க மேடம்" என்று போய்விட்டார். நானும் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

இரண்டு பட்டியலும் தனித்தனித் தாளில் இருந்தன. கணினியிலும் தனித்தனிப் பக்கம். இந்தப் பக்கம் பதினான்கு, சரி. அந்தப் பக்கம் பதினான்கு, சரி. இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும் வேலை துறைத் தலைவர்களுடையது அல்ல. மூன்றாவதாக ஒரு கையெழுத்து எதற்கு இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? அந்தக் கூட்டலுக்குத்தான்.

ஆறாம் செமஸ்டர் முடிவுகள் மே மாதம் வந்தன. அடைக்கலம் எல்லாவற்றிலும் பாஸ். மறுநாள் ஒரு ஸ்வீட் பெட்டியோடு வந்து எல்லா மேசைக்கும் நீட்டினார். ஜூன் கடைசிக்குள் சான்றிதழோடு வந்து சேர்ந்தால் சூப்பர்வைசர் வேலை தயார் என்று கம்பெனியிலிருந்து கடிதம் வந்திருந்தது. அதையும் காட்டினார். நான் மைசூர்பாகைக் கையில் எடுத்தபோது தேர்வுப் பிரிவிலிருந்து போன் வந்தது.

"மேடம், கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் போட்டுக்கிட்டிருக்கோம். அடைக்கலத்துக்கு வரிசை எண் முப்பத்தஞ்சுலயே நின்னுருது. ஒரு தாள் எங்க போச்சு?"

எங்கேயும் போகவில்லை. எம்.ஐ.எஸ். இரண்டு இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவருடைய வகுப்பில் மற்ற எல்லோரும் ஐந்தாம் செமஸ்டரில் அந்த விருப்பப் பாடத்தை எடுத்திருந்ததால் தப்பித்தார்கள். என் பேச்சைக் கேட்ட ஒரே ஆள் மாட்டிக்கொண்டார். மைசூர்பாகை மேசையில் வைத்துவிட்டு, அவரை வெளியே உட்காரச் சொன்னேன்.

அடுத்த அரைமணி நேரத்தில் நடந்ததை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். எங்கள் கல்லூரியில் கடைசி வருஷத்தில் ஒரு தாளில் தோற்றவர்களுக்கு உடனடித் தேர்வு உண்டு. ஒரே மாதத்தில் எழுதிப் பாஸாகிப் போய்விடலாம். ஆனால் அது அரியர் வைத்தவர்களுக்கு மட்டும். அந்தத் தாளில் பதிவு செய்து, வகுப்புக்கு வந்து, தோற்றிருக்க வேண்டும். அடைக்கலம் தோற்கவில்லை. அந்தத் தாளைத் தொடவே இல்லை. தோற்றிருந்தால் ஒரு மாதம். தோற்காததால் இன்னொரு வருஷம். எழுதும்போதே சிரிப்பு வருகிறது, அன்றைக்கு வரவில்லை.

இரண்டு துறைத் தலைவர்களையும் என் மேசைக்கு வரவழைத்தேன். மேல்தளத்துக்காரர்தான் வழி சொன்னார். "அஞ்சாவது செமஸ்டர் எலெக்டிவ் லிஸ்ட்ல இவரு பேரையும் சேத்துருவோம். பரீட்சைக்கு ஆப்சென்ட்னு போட்டுட்டா அரியர் ஆயிரும். உடனடித் தேர்வு எழுதிட்டுப் போகட்டும்."

"அதான் சரி" என்றார் கீழ்த்தளத்து மேடம்.

மூன்று வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அன்றுதான். கெட்ட எண்ணத்தில் சொன்னார்கள் என்று நினைக்காதீர்கள். அந்த மனிதரைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள். கூடவே எங்கள் மூன்று பேர் கையெழுத்தும் காப்பாற்றப்படும். எனக்கும் மனம் அந்தப் பக்கமே சாய்ந்தது. நெருக்கடியில் தப்பான வழி இப்படித்தான் வரும். அடுத்தவருக்கு நல்லது செய்கிறோம் என்ற உருவத்தில்தான் வரும். நமக்கும் அதில் நல்லது இருக்கிறது என்பது அப்போது கண்ணில் படாது.

வெளியே போய் அடைக்கலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். தவறு இன்னது, வழி இன்னது என்றேன். ஸ்வீட் பெட்டி அவர் மடியில் இருந்தது.

"வேணாங்க மேடம்" என்றார். "நான் ஸ்டோர்ல இருந்தவன். வராத சரக்க வந்துச்சுன்னு எழுதுன ரிஜிஸ்டரு என்னைக்கிருந்தாலும் நம்மளக் காட்டிக் குடுத்துரும். அங்கிட்டு நம்ம சர்டிபிகேட்ட காலேஜுக்கே அனுப்பி, இது நெசந்தானான்னு கேப்பாங்க. எங்கூட இருந்தவன் ஒருத்தன அப்புடித்தான் பொட்டியக் கட்டச் சொல்லி அனுப்புனாங்க."

"சரி" என்றேன்.

"அதோட மேடம், நான் ஒரு நாள்கூட பரீட்சைக்கு வராம இருந்ததில்ல. ஆப்சென்ட்னு போடாதீங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தைத் தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்படி வெட்கப்பட்டு எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்தேன்.

நேராகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரிடம் போனேன். அவர் பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. என் பணிக்காலத்தில் நான் பயந்த ஒரே மனிதர், நான் கற்றுக்கொண்ட ஒரே மனிதரும்கூட. கல்விக்குழு மனது வைத்தால் சிறப்பு அனுமதி தரலாம், அதற்கு ஒருங்கிணைப்பாளர் கடிதம் வேண்டும் என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். "இரு துறைகளுக்கிடையே ஏற்பட்ட புரிதல் குறைபாட்டின் காரணமாக மாணவர் ஒருவருக்கு ஒரு தாள் விடுபட்டுள்ளது" என்று அழகாக ஆரம்பித்தேன்.

அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "புரிதல் குறைபாடுன்னு ஒருத்தர் நம்ம காலேஜ்ல வேலை பாக்குறாரா மேடம்?"

"இல்ல சார்."

"அப்ப இந்த லெட்டர்ல ஆளே இல்லையே. ஆள் இல்லாத தப்புக்கு கல்விக்குழு என்ன செய்யும்? மாணவர் தப்புன்னு முடிவு பண்ணிட்டு எந்திரிச்சுப் போயிரும்."

கடிதத்தைத் திருப்பித் தந்தார். கோபம் வந்தது. மூன்று பேர் கையெழுத்துப் போட்டதற்கு நான் மட்டும் ஏன் கழுத்தை நீட்ட வேண்டும் என்று மனம் முரண்டு பிடித்தது. வராந்தாவில் ஒரு நடை நடந்தேன். அப்புறம் மறுபடி உட்கார்ந்து எழுதினேன். "கணித ஆசிரியையும் ஒருங்கிணைப்பாளருமாகிய நான், மாணவர் நேரில் கேட்ட பிறகும் தாள்களைக் கூட்டிப் பார்க்காமல், ஐந்தாம் பருவ விருப்பப் பாடம் வேண்டாம் என்று அவரிடம் கூறினேன். மாணவர் எந்தத் தாளிலும் தோற்கவில்லை. எந்தத் தேர்வுக்கும் வராமல் இருந்ததில்லை. தவறு என்னுடையது." நாலு வரி. அதை எழுதப் பிடித்த நேரம், ஒரு வினாத்தாள் தயாரிக்கப் பிடிக்கும் நேரத்தைவிட அதிகம்.

இந்த முறை அவர் கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டார். எனக்கு நிர்வாகத்திலிருந்து மெமோ வந்தது. விளக்கம் கொடுத்தேன், கண்டித்தார்கள், என் பணிப்பதிவேட்டில் அது இன்றும் இருக்கிறது. சாப்பாடு இறங்காத நாலைந்து நாள் இருந்தது உண்மை. செத்துப் போய்விடவில்லை.

கல்விக்குழு கூடியது. ஒருங்கிணைப்பாளரே எழுத்தில் ஒத்துக்கொண்டதால் அடைக்கலத்துக்குச் சிறப்பு அனுமதி தந்தது. விடுபட்ட தாளை ஐந்து வாரம் தனியாகப் படித்து, ஜூலை நடுவில் தேர்வு எழுதலாம். கம்பெனி கேட்டதோ ஜூன் கடைசி. அடைக்கலம் போனில் கெஞ்சிப் பார்த்தார். வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். அந்த வேலை போனது போனதுதான். என் நேர்மையான கடிதம் அதைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றுகிறேன் என்று அர்த்தம்.

அதற்கப்புறம் அவர் வரவில்லை. முதல் வாரம் வகுப்பு இல்லாமலே போனது. போன் அடித்தால் எடுக்கவில்லை. "அவருக்கு விருப்பமில்ல போல மேடம், விடுங்க" என்றார் மேல்தளத்துக்காரர். இரண்டாம் வாரம் திங்கட்கிழமை நான் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அந்தக் கடிதத்தின் நகலைப் பையில் போட்டுக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஏறினேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. காலேஜ் போன மாப்பிள்ளை வீடு எது என்று கேட்டால் தெருவே கை காட்டியது, கொஞ்சம் சிரிப்போடு. வாசல் அறையில் அவர் மனைவி சுகந்தி தையல் மிஷினில் இருந்தார். அடைக்கலம் வளைகுடாவுக்குப் போகாத அந்த மூன்று வருஷமும் வீடு ஓடியது அந்த மிஷினில்தான். பக்கத்து வீட்டில்தான் சுகந்தியின் அப்பா இருந்தார். டீச்சர் வந்திருக்கிறார் என்றதும் அவரும் வந்துவிட்டார். அடைக்கலம் உள்ளேயிருந்து வந்து, என்னைப் பார்த்ததும் சட்டையை மாட்டப் போனார்.

"ஏன் வரலை?" என்று கேட்டேன்.

பதில் சொன்னது சுகந்திதான். "எப்புடி மேடம் வருவாரு? ஊரே அரியர் வச்சுட்டாருன்னு பேசுது. இவரு இல்ல, நான் எல்லாத்துலயும் பாஸுன்னு சொல்றாரு. பாஸானவனுக்கு எதுக்குய்யா திரும்பப் பரீட்சை வைக்கிறாங்கன்னு கேக்குறாங்க. எனக்கே என்ன சொல்றதுன்னு தெரியல."

சுகந்தியின் அப்பா சுவரில் சாய்ந்தபடி, "நல்ல வேலைய விட்டுட்டு வந்தாரு. ஃபெயிலாயிட்டேன்னு சொன்னாக்கூட மனசு ஆறும். பாஸாயிட்டேன்னு கத சொல்றாருல்ல, அதான் தாங்கல" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போனதைவிட இதுதான் அவரைப் படுக்க வைத்திருக்கிறது. சொந்த வீட்டில் பொய்யராகிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்று சொல்ல உலகத்தில் இருந்த ஒரே ஆள் நான்தான். அந்த நான் ஒரு வாரமாக மேசையில் உட்கார்ந்து போன் அடித்துக்கொண்டிருந்தேன்.

பையிலிருந்து கடிதத்தை எடுத்து நின்றபடியே வாசித்தேன். முழுசாக வாசித்தேன், "தவறு என்னுடையது" வரைக்கும். வாசித்து முடித்ததும் மிஷின் பக்கம் திரும்பி, "இவர் சொன்னது அத்தனையும் உண்மைம்மா. எந்தத் தாள்லயும் தோக்கல. எங்கிட்ட வந்து சந்தேகம் கேட்டாரு. நான்தான் கூட்டிப் பாக்கல" என்றேன்.

மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க என்ன பாடம் எடுக்குறீங்க டீச்சரம்மா?"

"கணக்குங்க."

அவர் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

சுகந்தி கேட்டார். "ஒங்க தப்புக்கு இவரு ஏங்க பரீட்சை எழுதணும்?"

நியாயமான கேள்வி. பஸ்ஸில் வரும்போதெல்லாம் ஆறுதல் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேனே தவிர இதற்குப் பதில் யோசிக்கவில்லை. "எழுதக் கூடாதுதாம்மா" என்றேன். "ஆனா அந்தப் பாடத்த அவர் படிக்கல. படிக்காதத படிச்சதா நான் எழுதிக் குடுத்தா, அது இதைவிடப் பெரிய தப்பு. அதைச் சொன்னதே ஒங்க வீட்டுக்காரர்தான். என்னால முடிஞ்சது, அவர் எழுதி முடிக்கிற வரைக்கும் கூட இருக்கிறது."

சுகந்தி என் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். தானும் ஒருமுறை படித்தார். பிறகு அதை மடித்து அப்பாவிடம் கொடுத்து, "தெருவுல கேக்குறவங்களுக்கு இதக் காட்டுங்கப்பா" என்றார். கணவர் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தன மணி பஸ்ஸு?" என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் தந்தார்கள், அதுவே பெரிய மரியாதை என்று குடித்துவிட்டு வந்தேன்.

மிச்சமிருந்த நாலு வாரமும் அடைக்கலம் தினமும் வந்தார். மேல்தளத்துக்காரர் தன் ஓய்வு நேரத்தில் அவருக்கு வகுப்பெடுத்தார். கீழ்த்தளத்து மேடம் தன் அறையைக் காலி செய்து கொடுத்தார். அவர்கள் இருவரும் அதற்கப்புறம் சிநேகமாகிவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். இல்லை, கடிதப் போக்குவரத்து தொடர்ந்தது. ஆனால் இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் போட வேண்டும் என்று நான் கொண்டுபோன கடிதத்தில் இருவரும் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்கள். நீங்கள் இப்போது நிரப்புகிற அந்த நீளமான படிவம் அப்படி வந்ததுதான். கடைசிக் கட்டத்தில் மொத்தம் என்று இருக்கிறதே, அதை நிரப்பச் சோம்பலாக இருக்கும். எனக்கும் இருந்தது.

தேர்வு நாளன்று ஐம்பது பேர் உட்காரும் கூடத்தில் அவர் ஒருவர்தான். வெளியே வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே இருந்தவரைவிட எனக்குத்தான் வியர்த்தது என்று கண்காணிப்பாளர் பிறகு கேலி செய்தார்.

அடைக்கலத்துக்கு அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். எட்டு மாதம் கழித்து வேறொரு கம்பெனிக்குப் போனார். முதலில் சொன்ன பதவியைவிடக் கீழேதான். சான்றிதழை உண்மையா என்று கேட்டுக் கல்லூரிக்குக் கடிதம் வந்தது. உண்மை என்று பதில் போனது. அதெல்லாம் பின்னால்.

நான் சொல்ல நினைப்பது தேர்வு முடிவு வந்த அன்றைக்கு நடந்ததை. காலையில் மதிப்பெண் கையில் கிடைத்தது. பாஸ். அவருடைய முப்பத்தாறு தாளிலும் அதுதான் ஆகக் குறைந்த மதிப்பெண், ஆனாலும் பாஸ். உடனே போன் போட்டேன். எடுத்தது சுகந்தி.

"பாஸும்மா" என்றேன்.

"மேடம், நல்லா கூட்டிப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேம்மா. ரெண்டு தடவ பாத்தேன்."

"தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னொரு தடவ பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

கோபம் வரவில்லை. வர என்ன உரிமை இருக்கிறது? பட்டியலை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டேன். முதல் பருவத் தமிழில் ஆரம்பித்து ஒவ்வொரு தாளாகப் பெயர் சொல்லி வாசித்தேன். எம்.ஐ.எஸ். வந்தபோது, "இது வணிகப் பக்கம் மட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன். தையல் மிஷின் நின்றிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு "ம்" மட்டும் வந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்கும். மேசைக்கு எதிரே இரண்டு பேர் வந்து நின்றார்கள், கையைக் காட்டி நிற்க வைத்தேன்.

"இதோட முப்பத்தாறும்மா" என்றேன்.

"ஆமாங்க மேடம், எனக்கும் முப்பத்தாறு வருது" என்றார். அதற்குப் பிறகுதான் போனை விலக்கி, உள்ளே பார்த்து, "ஏங்க, இங்கிட்டு வாங்க, நீங்க பாஸு!" என்று கூப்பிட்டார்.